காலுக்கு மாலை! வயிற்றுக்கு?

"கோல்!"

இந்த ஓர் ஒலி எழுவதற்குப் பல்லாயிரம் தொண்டைகள் வேண்டும். அடங்குவதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்திலே எத்தனை ஆரவாரம், எத்தனை ஆலிங்கனம்! தெரியாதவன் தோளிலே கைபோட்டுத் துள்ளுகிறான் ஒருவன். துண்டை வானிலே வீசி எறிகிறான் இன்னொருவன். பந்தை வலைக்குள் அனுப்பிய வீரனைத் தோளிலே தூக்கிவைத்துக் கூத்தாடுகிறார்கள். தூக்கிய தோள்கள் அவனை எங்கே இறக்கிவிட்டன, எப்போது இறக்கிவிட்டன என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. நாம் கேட்க விரும்புகிறோம்.

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் சென்று பாருங்கள். காசிமேட்டுச் சந்துகளிலே பாருங்கள். ஐந்தாறு பையன்கள், ஒரு பந்து. பந்து என்று பெயர்தான், பாதிக் காற்றுப்போன உருண்டை. பையன்களின் முதுகிலே அர்ஜென்டினாவின் நீலக்கோடு, மெஸ்ஸியின் பெயர். பிரேசிலா அர்ஜென்டினாவா என்று வழக்கு மூண்டுவிட்டால் மணிக்கணக்கில் நடக்கும். நடக்கட்டும், தடுப்பானேன்? அந்தப் பையன்களிடம் "துளசிதாஸ் பலராம் என்று ஒருவர் இருந்தாரே, தெரியுமா?" என்று கேளுங்கள். விழிப்பார்கள். அது அவர்கள் குற்றமா? சொல்லிக் கொடுக்காத நம் குற்றம். எழுதுகோல் பிடித்த நாமும் அந்தக் கூண்டிலேதான் நிற்கிறோம்.

1936-ஆம் ஆண்டு, செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடா என்ற சிற்றூரிலே, பிழைப்பு தேடிச் சென்ற தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர் பலராம். செல்வம் கொழித்த வீடல்ல. பந்தாட்டம் சோறு போடுமா என்று தாய் கேட்கக்கூடிய வீடு. காவலர்கள் கழித்துப்போட்ட பழைய பூட்சைச் செம்மானிடம் கொடுத்து, இரண்டு ரூபாய்க்குத் தைத்து வாங்கியதுதான் தம் முதல் ஆட்டச் செருப்பு என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டு ரூபாயைத் தாயிடம் கெஞ்சித்தான் பெற்றாராம்.

அந்தக் காலை முதலில் கண்டுகொண்டவர் சையது அப்துல் ரஹீம். ஐதராபாத் பயிற்சியாளர், பின்னர் இந்திய அணியை உருவாக்கிய ஆசான். பயிற்சிக்கு வா என்றார் அவர். வந்துபோகக் காசு இல்லை என்றார் இளைஞர். சைக்கிளுக்கு ஏற்பாடு செய்தார் ஆசான். ஏழை வீட்டுத் திறமை வெளியே வருவதற்கு எவ்வளவு சிறிய உதவி போதுமானது என்பதைக் கவனியுங்கள். எத்தனை ஊர்களிலே அந்தச் சைக்கிள் கிடைக்காமல் எத்தனை கால்கள் மண்ணோடு மண்ணாயினவோ!

1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக் சென்ற இந்திய அணியிலே 20 வயது பலராம் இருந்தார். அந்த அணி நான்காம் இடம் பெற்றது. 1960-இல் ரோம். அங்கே ஹங்கேரியை எதிர்த்தது இந்தியா. ஹங்கேரி என்றால் அன்று கால்பந்து உலகமே எழுந்து நிற்கும். அந்த ஹங்கேரியின் வலையிலே பந்தைப் புகுத்தியவர் நம் பலராம். 2–1 என்று ஹங்கேரிதான் வென்றது. ஆனால் வியர்க்க வியர்க்க வென்றது. பிரான்ஸ் நாட்டுடன் 1–1 என்று சமன் செய்து நிமிர்ந்து நின்றது அதே அணி.

சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம் என்ற மூவரையும் மும்மூர்த்திகள் என்று கொண்டாடின ஏடுகள். மூர்த்திகளில் நமக்கு நம்பிக்கை கிடையாது, மூவர் என்போம். அந்த மூவரும் 1962-இல் ஜகார்த்தா சென்றார்கள், ஆசிய விளையாட்டு விழாவுக்கு. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2–0 என்று தோல்வி. அதன்பின் தாய்லாந்து வீழ்ந்தது, ஜப்பான் வீழ்ந்தது. இரண்டு ஆட்டத்திலும் பலராமின் கோல் உண்டு. அரை இறுதியில் தென் வியட்நாம் வீழ்ந்தது. செப்டம்பர் 4, இறுதி ஆட்டம், மீண்டும் தென்கொரியா! இஸ்ரேலையும் தைவானையும் விழாவுக்கு அழைக்கவில்லை என்று இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்துப் பேசியிருந்த காரணத்தால், அரங்கம் முழுதும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. அரங்கிலே நம்மவருக்காகக் கைதட்டியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள்! எல்லைக்கோடு போட்டவர்கள் இதைக் கொஞ்சம் சிந்திக்கட்டும். தலையிலே தையலோடு ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோல், பி.கே. ஒரு கோல், 2–1 என்று தங்கம் வந்தது. அந்தக் குழுவின் பட்டியலைப் படித்துப் பாருங்கள்: தங்கராஜ், எத்திராஜ், அருமைநாயகம்! தமிழன் காதிலே தேன் பாயும் பெயர்கள். அதற்குப் பிறகு இன்றுவரை ஆசிய விளையாட்டுக் கால்பந்திலே இந்தியா தங்கத்தைத் தொட்டதில்லை.

அடுத்த ஆண்டு, 1963. புற்றுநோயால் ஆசான் ரஹீம் மறைந்தார். அதே ஆண்டிலே நுரையீரல் நோய் தாக்கி, ஆட்டக்களத்தை விட்டு வெளியேறினார் பலராம். வயது 27!

கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்துக்காக நூற்றுக்கு மேற்பட்ட கோல் போட்டவர் அவர். 1961-இல் தலைவராக நின்று லீக் கோப்பையையும் கேடயத்தையும் வென்று கொடுத்தவர். அதன்பின் ரயில்வேயின் பி.என்.ஆர். அணிக்குச் சென்றார். ஏன் சென்றார் என்பது ராயபுரத்து வாசகனுக்கு விளக்கவேண்டிய செய்தியல்ல. ரயில்வே என்றால் ஆட்டத்தோடு உத்தியோகம்; ஆட்டம் நின்றாலும் அடுப்பு எரியும். 1856-இல் தென்னாட்டின் முதல் ரயில் புறப்பட்ட ஊர் இது. ஐ.சி.எஃப். அணியிலும் ரயில்வே அணியிலும் ஆடி, அந்த உத்தியோகத்தால் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் வடசென்னையிலே உண்டு. அந்த உத்தியோகம் கிடைக்காமல், முழங்கால் வீங்கிப்போய், மூட்டை தூக்கவும் முடியாமல் நின்றவர்களும் இங்கே உண்டு.

பலராம் பட்டினியால் செத்தார் என்று நாம் கதை கட்டமாட்டோம். பயிற்சியாளராக இருந்தார், தேர்வாளராக இருந்தார். ஆனால் ஹூக்ளிக் கரையிலே உத்தரபாராவில், மணம் செய்துகொள்ளாத தனி மனிதராக வாழ்ந்தார். தாம் உழைத்த கழகத்தின் மீது அவருக்கு இருந்த கசப்பு, கடைசிவரை ஆறவில்லை. 1962-இல் அர்ஜுனா விருது வந்தது. கோஸ்வாமிக்கு 1983-இலும் பானர்ஜிக்கு 1990-இலும் பத்மஸ்ரீ வந்தது. பலராமுக்கு வரவேயில்லை. மூவரில் ஒருவர் என்று எழுதிய கை, பட்டியல் எழுதும்போது மட்டும் இருவரோடு நின்றது ஏன்? 2023 பிப்ரவரி 16-இல், 86 வயதில் அவர் கண்மூடினார். அந்த ஜகார்த்தா வெற்றியைத் திரைப்படமாக்கி, 'மைதான்' என்று பெயரிட்டு, 2024-இல் திரையிட்டார்கள். திரையில் தம்மைக் காண அவர் இல்லை.

இது இந்தியாவுக்கு மட்டும் வந்த நோயல்ல. அதே 1962-இல், சிலி நாட்டிலே உலகக் கோப்பையைப் பிரேசிலுக்கு வென்று தந்தானே காரிஞ்சா, வளைந்த கால்களைக் கொண்ட அந்த மாயக்காரன், பாவ் கிராண்டே என்ற ஊரிலே பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்தவன். நம் பின்னி மில் போல ஓர் ஆலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1983-இல், 49 வயதில், குடியால் சிதைந்து செத்தான். வறுமையிலே வாடியபோது வராத கூட்டம், மரக்கானா அரங்கிலே அவன் சவத்தைப் பார்க்கத் திரண்டுவந்தது!

இங்கிலாந்திலே வேறு விதமாக நடந்தது. அங்கே கால்பந்து வீரனுக்கு வாரம் 20 பவுனுக்கு மேல் கூலி கொடுக்கக்கூடாது என்று ஒரு வரம்பு இருந்தது. வீரர்களுக்குச் சங்கம் இருந்தது, 1907-லிருந்து. ஜிம்மி ஹில் தலைமையில் வேலைநிறுத்தம் என்று முழங்கினார்கள். 1961-இல் வரம்பு நொறுங்கியது. அதே 1961-இல்தான் நம் பலராம் கேடயத்தை ஏந்தி நின்றார். அங்கே ஆட்டக்காரன் தன்னைத் தொழிலாளி என்று அறிவித்துக்கொண்டான். இங்கே அவனை 'வீரன்' என்று அழைத்தே கூலி பேசாமல் காலத்தைக் கடத்தினார்கள். இந்தியாவில் கால்பந்து வீரர்களுக்கென்று பாய்ச்சுங் பூட்டியா முதலியோர் சங்கம் அமைத்தது 2006-இல்! 99 ஆண்டு இடைவெளி!

துறைமுகத் தொழிலாளியின் கதை உங்களுக்குத் தெரியும். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி என்றிருந்த நிலையை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றியது. பதிவு செய்த தொழிலாளிக்குக் கப்பல் வராத நாளிலும் குறைந்தபட்சக் கூலி உண்டு என்ற முறை அதன்வழி வந்தது. அது தானாக வந்ததா? கொடிபிடித்த கைகள் கொண்டுவந்தன. ஆட்டக்காரனுக்கோ, ஆட்டம் வராத நாள் இன்றும் பட்டினி நாளே. ஐ.எஸ்.எல். போட்டியை நடத்தும் ஒப்பந்தத்தில் சிக்கல் ஏற்பட்டு, 2025-இல் ஆட்டம் தள்ளிப்போயிற்று. ஆகஸ்டிலே பெங்களூருக் கழகம் வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்திவைத்தது. கோடிகள் புரளும் இடத்திலேயே இந்தக் கதி என்றால், வியாசர்பாடித் திடலிலிருந்து கிளம்பி, மூன்றாம் தரக் கழகத்திலே மாதக் கூலிக்கு ஆடும் பையனின் கதி என்ன?

உடல்தான் அவன் முதல். அது முறிந்தால்? வியாசர்பாடியைச் சேர்ந்த பிரியா என்ற கால்பந்து வீராங்கனை, முழங்கால் சிகிச்சைக்குப் போய், காலை இழந்து, 2022 நவம்பரில் உயிரையும் இழந்தாள். பதினேழு வயது. அந்தப் பெயரை எழுதும்போது பேனா தயங்குகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

சர்க்கார் எதுவுமே செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்திருக்கிறது. விளையாட்டு வீரர்க்கு அரசுப் பணியிலே 3 விழுக்காடு ஒதுக்கீடு தமிழ்நாட்டில் உண்டு. ஒதுக்கீட்டின் அருமை நம் இயக்கத்தாருக்கு யார் சொல்லித் தரவேண்டும்? நலிவுற்ற முன்னாள் வீரர்களுக்கு ஓய்வூதியமும் உண்டு. ஆனால் அதைப் பெற 58 வயது நிரம்பியிருக்க வேண்டும்! மத்திய சர்க்கார் ஓய்வூதியமோ 30 வயதிலேயே தொடங்கலாம். ஆனால் பதக்கம் வேண்டும். ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வந்தவனுக்கு அந்த ஆட்டத்தின் பேரால் அதிலே காசு இல்லை.

58 வயது என்று எழுதியவர் எழுத்தராக இருந்திருப்பார்; அவர் நாற்காலி 58 வரை தாங்கும். முழங்கால் தாங்குமா? பலராம் களத்தை விட்டது 27-இல். 27-க்கும் 58-க்கும் நடுவே 31 ஆண்டு. அந்த 31 ஆண்டும் அவன் என்ன செய்வது? கோப்பையைக் கழுவிக் கழுவிக் குடிப்பதா?

1949 செப்டம்பரில், கொட்டும் மழையிலே இயக்கத்தின் முதற்கூட்டம் நடந்த ராபின்சன் பூங்கா, இதே ராயபுரத்திலேதான் இருக்கிறது. அந்த மழையிலே நின்றவர்கள் ஏழைத் தொழிலாளர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று பந்தை உதைக்கிறார்கள். ஆகவே கோட்டையில் அமர்ந்திருப்போர் யாராயினும், அவர் நம்மவரே ஆயினும், நாம் கேட்பது இதுதான்: ஓய்வூதிய விதியிலே 58 என்ற எண்ணை அடித்துவிட்டு 40 என்று எழுதுங்கள். சங்கத்திலே பதிவு செய்து ஆடும் ஒவ்வொருவருக்கும், லீக் எந்தப் பிரிவாயினும், காயத்துக்குக் காப்பீடு என்று ஆணையிடுங்கள். சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் கழகம், வீரனின் பெயரிலே வருங்கால வைப்பு நிதி கட்டிய சீட்டைக் காட்டினால்தான் அரசின் திடல் ஆட்டத்துக்குத் திறக்கும் என்று சொல்லுங்கள். திடல் அரசுடையது, பூட்டும் அரசிடம் இருக்கிறது.