பத்திரம் யார் பெயரில்?

பழுதான பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கில் தாத்தாவின் கடைசிப் பொங்கல் போட்டோக்கள். இரண்டு லேப்டாப்பிலும் உபுண்டு லினக்ஸ்தான். அந்த டிஸ்க்கைப் புது லேப்டாப்பில் இணைத்து, போட்டோ ஃபோல்டரை காப்பி செய்யப் பார்த்தாள் ஒரு கல்லூரி மாணவி. 'அனுமதி இல்லை' என்றது திரை.

உடனே டெர்மினலைத் திறந்தாள். கட்டளைக்கு முன்னால் 'சூடோ' என்று சேர்த்து, பாஸ்வேர்டு கொடுத்தாள். மொத்த ஃபோல்டரும் வந்துவிட்டது. ஆனால், திறந்தால் மறுபடியும் 'அனுமதி இல்லை'!

"நான்தாம்மா காப்பி பண்ணேன். என்னையே உள்ள விடமாட்டேங்குது!"

என்ன நடந்தது?

சூடோ சேர்த்தால், அந்தக் கட்டளை 'ரூட்' என்ற அட்மினிஸ்ட்ரேட்டர் பெயரில் ஓடும். எந்தப் பூட்டும் திறக்கும். ஆனால், அப்படி ஓடும்போது புதிதாக உருவாகும் ஃபைல்களுக்கும் ரூட்தான் உரிமையாளர். காசு கொடுத்தது நாம், பத்திரம் மட்டும் அடுத்தவர் பெயரில் என்ற கதைதான்!

இங்கேதான் பலர் அவசரப்பட்டு, '777' என்ற அனுமதியைக் கொடுத்துவிடுகிறார்கள். படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டினால் 7. மூன்று 7 என்றால் உரிமையாளர், குழு, மற்றவர்கள் என எல்லோருக்கும் எல்லா அனுமதியும். சாவி தொலைந்ததற்குக் கதவையே கழற்றி வைப்பது போல! அதையும் கவனிக்காமல் டிஸ்க் முழுவதற்கும் கொடுத்துவிட்டால், சூடோவே வேலை செய்யாமல் போய்விடும். தன் செட்டிங்ஸ் ஃபைலை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற நிலை இருந்தால், அது இயங்க மறுத்துவிடும்.

சரியான வழி என்ன? முதலில் ஃபோல்டர் மீது ரைட் கிளிக் செய்து, 'பிராப்பர்ட்டீஸ்' போய் உரிமையாளர் யார் என்று பாருங்கள். ரூட் என்றிருந்தால், பெயர் மாற்றிக்கொடுக்க ஒரு கட்டளை இருக்கிறது: சி, ஹெச், ஓ, டபிள்யூ, என். ஐந்தே எழுத்து, எல்லாம் சின்ன எழுத்து. முன்னால் சூடோ, பின்னால் ஒரு ஹைஃபனும் பெரிய 'ஆர்' எழுத்தும், அடுத்து உங்கள் யூசர் நேம், கடைசியில் அந்த ஃபோல்டரின் முகவரி. உள்ளே இருக்கும் எல்லாமே உங்கள் பெயருக்கு வந்துவிடும். என்டர் தட்டும் முன், முகவரியை மட்டும் இன்னொரு முறை படித்துவிடுங்கள்.

விண்டோஸில் வேறு மாதிரி சிக்கல். 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்தால், கமாண்ட் பிராம்ப்ட் பெரும்பாலும் 'சிஸ்டம்32' ஃபோல்டரில்தான் திறக்கும். முழு முகவரி தராமல் ஒரு ஃபைலை உருவாக்கினால், அது அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். வீடு முழுக்கத் தேடினாலும் சட்டென்று கிடைக்காது.

எனவே, முதலில் உங்கள் சாதாரண கணக்கிலேயே முயலுங்கள். முடியாதபோது மட்டும் அட்மின். வேலை முடிந்ததும் உரிமையாளர் யார் என்று ஒரு பார்வை.

இன்னொன்று... எல்லாப் போட்டோவும் திறக்கிறது என்று பார்த்த பிறகே பழைய டிஸ்க்கை அழியுங்கள். ஃபைலின் உரிமையாளரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். தாத்தாவை இன்னொரு முறை போட்டோ எடுக்க முடியாதே!