தைரொயிட் நோயாளிகளுக்குக் காசு சேர்ப்பது பற்றி



ஊர் வட்ஸ்அப் குழுக்களில் இந்த மாதிரி வேண்டுகோள்கள் அடிக்கடி வருகின்றன. "தைரொயிட் புற்றுநோய். அயடீன் வேலை செய்யவில்லை. கடைசி மருந்து. அவசரம்." கீழே சகோதரியின் முகப்படம், ரிப்போர்ட், வங்கிக் கணக்கு இலக்கம். கொடுப்பதில் நம் ஊர் பின்நிற்பதில்லை, அல்ஹம்துலில்லாஹ். எதற்குக் கொடுக்கிறோம் என்றுதான் நாம் கேட்பதில்லை.

தைரொயிட் புற்றுநோயில் பெரும்பாலானவை சத்திரசிகிச்சையோடும், தேவைப்பட்டால் கதிரியக்க அயடீனோடும் அடங்கிவிடும். தைரொயிட் கலங்கள் அயடீனை உறிஞ்சும்போது கதிரும் உள்ளே போய் அவற்றை அழிக்கிறது. சிலருக்கு மட்டும், பரவிய கலங்கள் அயடீனை எடுப்பதையே விட்டுவிடுகின்றன. அவர்களுக்காக அமெரிக்காவில் 2013இல் சொராபெனிப்பும் 2015இல் லென்வட்டினிப்பும் அனுமதி பெற்றன. கட்டிக்கு இரத்தம் கொண்டுபோகும் புதுக் குழாய்கள் வளர்வதைத் தடுப்பது இவற்றின் முக்கிய வேலை.

லென்வட்டினிப் ஆய்வில் நோய் வளராமல் நின்ற காலம் நடுக்கணக்கில் 18.3 மாதங்கள். வெற்று மருந்து எடுத்தவர்களுக்கு 3.6 மாதங்கள்தான். பெரிய வித்தியாசம். ஆனாலும் இது நோயைப் பிடித்து வைக்கும் மருந்தே தவிர, சுகமாக்கும் மருந்தல்ல. பலன் தரும்வரை, உடம்பு தாங்கும்வரை தினமும் எடுக்க வேண்டும். ஒரு பெட்டிக்குக் காசு சேர்த்துக் கொடுத்துவிட்டு நாம் கலைந்து போனால், நாலாம் மாதம் அந்த வீட்டுக்காரர் யாரிடம் போய் நிற்பார்?

இன்னொன்று. அயடீன் ஏற்கவில்லை என்றதும் எல்லோருக்கும் இந்த மருந்தைத் தொடங்குவதில்லை. நோய் மெதுவாக வளர்ந்தால் வைத்தியர் ஸ்கேன் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். அதை "கைவிட்டுட்டாங்க" என்று பரப்பி, அந்தக் குடும்பத்தை அவசரப்படுத்தாதீர்கள். பிரஷர் கூடும், வயிற்றோட்டம் வரும், உள்ளங்கை கால் தோல் எரியும். இந்த நிலையிலும் நோன்பு பிடிக்கச் சொல்லும் மாமிமார் இருக்கிறார்கள். நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை தந்திருக்கிறான்.

ஸகாத் குழுவிடம் நாம் கேட்பது இதுதான். முதலில் வைத்தியரின் கடிதத்தைப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் மருந்து கிடைக்குமா என்று விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் ஆறு மாதத்துக்காவது பொறுப்பெடுங்கள். பிரஷர் பார்க்கும் மெஷின் ஒன்றும் வாங்கிக் கொடுங்கள். முகப்படமும் ரிப்போர்ட்டும் குழுக்களில் வேண்டாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் இதைப் பேச நேரம் கேட்டிருக்கிறோம். முடிந்தவர்கள் வாருங்கள்.