கையில ஏஸ்-கிங்... டேபிள்ல ஜோடி சேரல! பெட் கட்டலாமா பாஸ்?

கையில ஏஸ், கிங். சிரிப்பை அடக்கிக்கிட்டு ரைஸ் பண்றீங்க. மூணு பேர் விடாம கூடவே வர்றாங்க. டேபிள்ல பொதுச்சீட்டு மூணு விழுது: குயின், 8, 5. உங்க ரெண்டு சீட்டும் இதைவிடப் பெருசுதான். ஆனா, ஜோடி சேரல. இப்போ பெட் கட்டுவீங்களா, 'செக்' சொல்லிட்டு அமைதியா இருப்பீங்களா?

அமெரிக்க கார்டு ரூம்களில் சின்னத் தொகைக்கு 'லிமிட் ஹோல்டெம்' ஆடுறவங்களுக்கு இது தினசரி தலைவலி. 'போக்கர் திறமையா, அதிர்ஷ்டமா?' என்று நம்ம ஊர் கோர்ட் வரைக்கும் போன கேள்விக்கும் இந்த இடத்துல பாதி பதில் இருக்கு.

கணக்கு என்ன சொல்லுது?

ஜோடி இல்லாத ரெண்டு சீட்டு வந்தா, முதல் மூணு பொதுச்சீட்டுல மூணுக்கு ரெண்டு தடவை ஜோடி சேராது. ஸோ, இது துரதிர்ஷ்டம் இல்ல, வழக்கம்! மிச்சமிருக்கும் ஏஸ், கிங் மொத்தம் 6. அடுத்த சீட்டுல அதுல ஒண்ணு வர 13% வாய்ப்பு. கடைசி வரைக்கும் காத்திருந்தா 24%.

2-4 டாலர் டேபிள்னு வெச்சுக்கோங்க. ஆளுக்கு 4 டாலர் வீதம் நடுவுல 16 டாலர் கிடக்கு. லிமிட் ஆட்டத்துல இப்போ நீங்க கட்ட முடிஞ்சது 2 டாலர் மட்டும்தான். 9 தடவையில ஒருமுறை எல்லாரும் சீட்டைக் கீழே போட்டாலே முதலுக்கு மோசமில்லை. கேட்க ஆசையா இருக்குல்ல?

சிக்கல் இங்கேதான். மூணு பேரும் சேர்ந்து விடணும். ஒவ்வொருத்தரும் பாதி தடவை விட்டாக்கூட, மூணு பேரும் ஒண்ணா விடுறது எட்டுல ஒருமுறைதான். சின்ன டேபிள்ல யாரு அவ்வளவு சுலபமா விடுறா? '2 டாலர்தானே, பார்த்துடலாம்'னு கால் பண்ணுவாங்க. ஒவ்வொருத்தரும் 30% தடவைதான் விடுறாங்கன்னா, உங்க பிளஃப் 100-க்கு 3 தடவைகூட பலிக்காது!

எதிர்ல ஒரே ஒருத்தர்னா, பெட் கட்டுறது நல்ல ஆட்டம். மூணு பேர்னா, செக் பண்ணிட்டு அடுத்த சீட்டு இலவசமா கிடைக்குதான்னு பாருங்க. டேபிள்ல ஜாக், 10, 9 மாதிரி ஒட்டின சீட்டுகள் விழுந்திருந்தா இன்னும் உஷார். உங்களுக்கு கிங் வந்தாலும், அதே கிங் வேற ஒருத்தருக்கு வரிசையை முடிச்சுக் கொடுத்திடலாம்.

அப்போ இது திறமைதானே?

ஆமா. ரம்மியும் போக்கரும் வெறும் அதிர்ஷ்ட ஆட்டம்னு பட்டியலிட்ட தமிழ்நாட்டுச் சட்டத்தின் அந்தப் பகுதியை, 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனா, 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் ஆன்லைன் கேமிங் சட்டம் அந்தக் கேள்வியையே ஓரங்கட்டிடுச்சு. திறமையோ, அதிர்ஷ்டமோ, ரெண்டும் கலந்ததோ... காசு கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டம்னா தடை. நடத்துறவங்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுறவங்களுக்குத் தண்டனை இல்ல.

'திறமைக்குத் தடையா?'ன்னு கோபம் வரலாம். ஆனா ஒண்ணு யோசிங்க. நம்ம உதாரணத்துல திறமைங்கிறது என்ன? கை பரபரக்கும்போது சும்மா இருக்கிறது! ராத்திரி 2 மணிக்கு, விட்ட காசைப் பிடிக்கிற வெறியில போனைத் தட்டிக்கிட்டு இருக்கிறவருக்கு முதல்ல காணாமப் போறது அதுதான். சரியா ஆடினாலும் கிடைக்கிற சில்லறை லாபத்துல, ஒவ்வொரு கையிலும் ஆட்டத்தை நடத்துறவர் தன் பங்கை எடுத்துடுவார்.

போக்கர் மூளைக்கு வேலை தர்ற ஆட்டம்தான், சந்தேகமே இல்ல. காசு வைக்காம நண்பர்களோட ஆடிப் பாருங்க. ஏஸ்-கிங் கையில இருந்தும் எத்தனை தடவை உங்களால 'செக்' சொல்ல முடியுதுன்னு எண்ணுங்க. உங்க திறமை எவ்வளவுன்னு அதுலயே தெரிஞ்சிடும்!