காப்புறுதிப் பத்திரமா, கிராமத்து வைத்தியசாலையா?

நெல் விற்ற காசு கையில் இருக்கும் நாட்களில் எமது கிராமங்களுக்கு வந்து போவோர் பலர். கடன் கொடுத்தவர் வருவார், உரக் கடைக்காரர் வருவார். இப்போது சுகாதாரக் காப்புறுதி முகவரும் வருகிறார். "அரசாங்க ஆஸ்பத்திரியை நம்பி எத்தனை நாளைக்கு இருப்பீர்கள்? வருடா வருடம் கட்டுப்பணத்தைக் கட்டுங்கள். வருத்தம் வந்தால் தனியார் ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்கும்" என்கிறார். அண்மையில் மாதர் சங்கக் கூட்டமொன்றில் இதுவே பேச்சாக இருந்தது. சேருவோம் என்றனர் சிலர், வேண்டாம் என்றனர் சிலர். இடம்பெயர்ந்தும் மீளக்குடியேறியும் வாழும் எமக்கு இது சிறிய கேள்வியல்ல.

முகவர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. விடிய முதல் பஸ் ஏறி, வரிசையில் நின்று, டொக்டரைக் கண்டு வெளியே வந்தால் "இந்த மருந்து இங்கே இல்லை, வெளியில் வாங்குங்கள்" என்று துண்டு தருகிறார்கள். ஸ்கானுக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் வெளியே போகச் சொல்கிறார்கள். 2022 இல் நாடு நெருக்கடிக்குள் விழுந்தபோது மருந்துத் தட்டுப்பாட்டால் சத்திரசிகிச்சைகள்கூடப் பிற்போடப்பட்டன. இலவச வைத்தியம் உள்ள நாட்டில் தோட்டை ஈடு வைத்து மருந்து வாங்கிய குடும்பங்களை நாம் அறிவோம்.

ஆனாலும் காப்புறுதி என்றால் என்ன என்று சற்று யோசிப்போம். எமது ஊர் மரண சகாய சங்கமும் ஒரு காப்புறுதிதான். எல்லோரும் சிறிது சிறிதாகப் போடுகிறோம். துக்கம் வந்த வீட்டுக்கு அது போகிறது. அங்கே வயதானவரை விலக்குவதில்லை, இலாபம் எடுப்பதுமில்லை. ஆனால் 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதுமே தென்மராட்சியை நோக்கி நடந்தபோது எந்தச் சங்கம் யாருக்கு உதவியது? ஒரு வீட்டில் துன்பம் வந்தால் ஊர் தாங்கும். ஊர் முழுவதற்கும் ஒரே இரவில் துன்பம் வந்தால் ஊரின் உண்டியல் தாங்காது. அதைத் தாங்கக்கூடியது முழு நாடும் சேர்ந்து போடும் உண்டியல் மட்டுமே. அரச வைத்தியசேவை அத்தகைய உண்டியல்தான்.

அதில் எமது காசும் இருக்கிறது. வாங்கும் சவர்க்காரத்திலும் தொலைபேசிக் கட்டணத்திலும் நாம் வரி கட்டுகிறோம். ஆகவே இலவச வைத்தியம் யாரோ இடும் பிச்சையல்ல. முன்கூட்டியே கட்டிய காசுக்கு நாம் பெறும் உரிமை.

கம்பனிக் காப்புறுதி வேறு விதமானது. பொதுவாக அது முதலில் வயதைக் கேட்கும், பிறகு இருக்கும் வருத்தங்களைக் கேட்கும். சலரோகமும் பிரஷரும் உள்ள அம்மாவுக்குத்தான் வைத்தியம் அதிகம் தேவை. அவரைத்தான் அது சேர்க்கத் தயங்கும், அல்லது கூடுதல் பணம் கேட்கும். மாதச் சம்பளத்தில் கழித்துக் கொடுக்கக்கூடிய உத்தியோகத்தருக்கு அது பொருந்தலாம். வெள்ளம் ஒரு போகத்தையும் வரட்சி மறு போகத்தையும் கொண்டுபோகும் எமக்குத் தவணை தவறாமல் கட்ட முடியுமா? தவறினால் பத்திரம் செல்லாது. கட்டினாலும் தனியார் ஆஸ்பத்திரிகள் இருப்பது பட்டணத்தில். காட்டோரக் கிராமத்தில் பாம்பு கடித்தவரைப் பத்திரம் காப்பாற்றாது. அருகில் உள்ள வைத்தியசாலையும் அங்கிருக்கும் மருந்துமே காப்பாற்றும்.

தனியார் காப்புறுதியைப் பெரிதும் நம்பியிருக்கும் செல்வந்த நாடான அமெரிக்காவில் 2023 இலும் ஏறக்குறைய 2 கோடியே 60 இலட்சம் பேர் எந்தக் காப்புறுதியும் இன்றி இருந்தனர்.

எமது நாட்டுச் சரித்திரத்தையும் பார்ப்போம். 1934–35 மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கிராமப்புறங்களில் மருந்தகங்கள் பெருகியது அந்த அழிவின் பின்னரே. போர்க்காலத்தில் வன்னிக்குப் போனவர்கள் மலேரியாவை மறந்திருக்க மாட்டார்கள். அப்போதும் மருந்து தெளிப்பும் இரத்தப் பரிசோதனையும் முற்றாக நின்றுவிடவில்லை. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கட்டுப்பணம் கட்டிய வீட்டுக்கு மட்டும் மருந்து தெளித்திருந்தால் நுளம்பு ஒழிந்திருக்குமா? அயல் வீட்டாரின் சுகமும் எமது சுகமும் ஒன்றுடனொன்று பிணைந்தவை. மருந்துத் தட்டுப்பாட்டின் நடுவிலும் வன்னியில் அரச வைத்தியசாலைகள் இயங்கின. விலாசம் இல்லாத எம்மிடம் அவை பத்திரம் கேட்கவில்லை.

ஆகவே எமது கருத்து இதுதான். வசதி உள்ளவர் மேலதிகமாகக் காப்புறுதி எடுப்பதை நாம் தடுக்கவில்லை. எடுப்பவர் கையொப்பமிட முன் மூன்று விடயங்களைக் கேட்டறியட்டும்: எந்த வருத்தங்கள் சேராது? ஒரு தவணை தவறினால் என்ன நடக்கும்? எமக்குக் கிட்டிய எந்த ஆஸ்பத்திரியில் இது செல்லும்? ஆனால் "காப்புறுதி இருக்கிறதே" என்று சொல்லி அரசு தன் கடமையைக் குறைத்துக்கொள்ள நாம் இடமளிக்கக் கூடாது.

குறை சொல்வதோடு நின்றால் போதாது. வெளியில் வாங்கச் சொன்ன மருந்தின் பெயர், திகதி, கொடுத்த விலை ஆகியவற்றைக் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒரு கொப்பியில் எழுதி வரட்டும். தாதியோ டொக்டரோ வராத நாட்களையும் அதில் குறிக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அக்கொப்பியோடு சுகாதார வைத்திய அதிகாரியைச் சந்திப்போம். ஒருவர் போனால் முறைப்பாடு. ஊராகப் போனால் அது கோரிக்கை. கட்டுப்பணத்துக்கு ஒதுக்க நினைத்த காசில் சிறு பங்கைச் சேர்த்து, இரவில் நோயாளியைக் கொண்டுபோக ஓட்டோவுக்கு ஒரு பொது நிதி வைப்போம்.

மீளக்குடியேறிய எமக்குக் காணி உறுதியும் கிணறும் எவ்வளவு அவசியமோ, மருந்தும் ஆளும் உள்ள வைத்தியசாலையும் அவ்வளவு அவசியம். அதை வேண்டாமென்று விட்டுக்கொடுத்து ஒரு கடதாசியை வாங்கி வைத்திருப்பது எமக்கு இலாபமான வியாபாரமல்ல.