கேஸ் ஷீட்டோடு மூட்டை கட்டாதீர்கள்

ராசிபுரத்தில் சிக்கலான கேஸ் என்றால் ஆம்புலன்ஸ் சேலத்துக்கோ நாமக்கல்லுக்கோதான் ஓடுகிறது. இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது; நாமக்கல்லில் திறந்தது 2022-ல். உயிர் பிழைக்கிறது, சரி. விநோதமான நோய்க்குறிகளை யார் எழுதி வைக்கிறார்கள்?

தேடிப் பதிவுசெய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம்: 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரி முதுநிலை மாணவி நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் தந்த ஆய்வுக்காக ரத்த மாதிரிகளை வீட்டு பிரிட்ஜில் வைத்திருந்து, ரயிலேறி வேலூர் சிஎம்சிக்குக் கொண்டுபோனார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரிந்தது. 'அதெல்லாம் நம் ஊருக்கு வராது' என்றிருந்தவர்கள் வாயடைத்தார்கள். லாரித் தொழிலை நம்பிய நாமக்கல்லுக்கு, எச்.ஐ.வி. இங்கும் பரவியபோது, அந்தச் செய்தியின் கனம் பின்னால் புரிந்தது.

ஒரு மாணவியின் ஆய்வு அவ்வளவு செய்தது; ஆனால் பொதுவாகப் பட்டம் வாங்கியதும் மாணவர்களின் ஆய்வேடு அலமாரிக்குப் போகிறது. நோயாளியின் பெயரை மறைத்து, சம்மதம் பெற்று, அபூர்வ கேஸ்களைப் பதிவுசெய்ய சேலம், நாமக்கல் கல்லூரிகள் இரண்டிலும் தனி ஊழியரை அரசு உடனே நியமிக்க வேண்டும்.