சான்றிதழில் இல்லாத சிறுநீரகம்

பெர்ஷியன் பூனையைப் பார்த்திருப்பீர்கள். பஞ்சு மூட்டை மாதிரி உடம்பு, சப்பை மூக்கு, மகாராணி பார்வை. வாங்கும்போது வம்சாவளிச் சான்றிதழும் கொடுப்பார்கள். அப்பா யார், தாத்தா யார், யார் எந்தப் பட்டம் வாங்கினார்கள்... எல்லாம் அதில் இருக்கும். சிறுநீரகம் எப்படி என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது!

நோயின் பெயர் பி.கே.டி. சிறுநீரகத்தில் நீர் நிரம்பிய சின்னச் சின்னக் கட்டிகள் உருவாகி, வயசோடு சேர்ந்து வளரும். குட்டி துள்ளி விளையாடும். யாருக்கும் சந்தேகம் வராது. சராசரியாக ஏழு வயசு வாக்கில்தான் தெரிய ஆரம்பிக்கும். தண்ணீர் அதிகம் குடிக்கும், சாப்பிடாது, இளைக்கும். அதற்குள் சிறுநீரகத்தின் பெரும்பகுதி போயிருக்கும். குணப்படுத்த மருந்து கிடையாது. 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் பல நாடுகளில் ஸ்கேன் செய்து பார்த்தபோது, பெர்ஷியன்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் இந்த நோய் இருந்தது.

சரி, விதி என்று விட்டுவிடலாமா? முடியாது. 2004-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் லெஸ்லி லியோன்ஸ் குழு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டது. பி.கே.டி.1 என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாற்றம். இது ஓங்கு மரபணு. பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தாலே சராசரியாகப் பாதிக் குட்டிகளுக்குப் போகும். ஆனால் இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. நோய் இல்லாமல் ரகசியமாகக் கடத்தும் பூனை என்று ஒன்று கிடையாது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து அனுப்பினால் போதும், ஆமா இல்லையா என்று தெரிந்துவிடும். இல்லை என்று வந்த இரண்டு பூனைகளைச் சேர்த்தால், அந்தப் பரம்பரையில் கதை முடிந்தது.

பிறகு ஏன் முடியவில்லை?

"பாதிப் பூனைகளை ஒதுக்கினால் இனமே சுருங்கிவிடும்" என்பார்கள். ஒதுக்கவே வேண்டாமே! அருமையான பூனைக்கு நோய் இருந்தால், நோயில்லாத ஜோடியுடன் சேர்த்து, பிறக்கும் குட்டிகளைச் சோதித்து, நோயில்லாததை மட்டும் அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொள்ளலாம். "செலவு" என்பார்கள். யானை வாங்கியவன் அங்குசம் வாங்க யோசித்த கதைதான்.

உண்மையான காரணம் சந்தையில் இருக்கிறது. 1970-ல் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்துச் சொன்னதுதான் இது. விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாவிட்டால், நல்ல சரக்குக்கும் கெட்ட சரக்குக்கும் ஒரே விலை. நல்லதை விற்பவன் நஷ்டப்பட்டு வெளியேறுவான். இங்கேயும் அதேதான். சோதித்து விற்கும் நேர்மையான வளர்ப்பாளர் செலவு செய்கிறார். சோதிக்காதவர் அதே விலைக்கு விற்று லாபம் பார்க்கிறார். லாபம் முதல் நாளே கைக்கு வந்துவிடுகிறது, நஷ்டம் ஏழு வருஷம் கழித்து வேறு யாரோ வீட்டுக்குப் போகிறது. அந்த வீட்டுக்காரருக்காவது பணமும் கண்ணீரும். பூனைக்கு உயிர்.

அதனால் வேண்டியது கருணைப் பிரசங்கம் அல்ல. தாய், தகப்பன் இரண்டின் சோதனை முடிவும் இல்லாமல் எந்தச் சங்கமும் குட்டிகளைப் பதிவு செய்யக் கூடாது. வாங்குபவர்களும் அந்தத் தாளைக் கேட்காமல் பர்ஸைத் திறக்கக் கூடாது.

தாத்தா வாங்கிய பட்டத்தை எழுத இடம் இருக்கும் சான்றிதழில், பேரனின் சிறுநீரகத்துக்கு ஒரு வரி இடம் இருக்காதா என்ன?