நியம்கிரி மலையும் இலண்டன் பங்குச் சந்தையும்

காட்டைக் காக்க வேண்டுமாயின் அங்கு வாழும் மக்களை முதலில் வெளியேற்ற வேண்டும் என்ற எண்ணம் அரசுகளிடம் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. இந்தியாவின் ஒடிசா மாநிலத்திலுள்ள நியம்கிரி மலைத்தொடரின் அனுபவம் இதற்கு நேர்மாறானது. அப்போராட்டத்தின் ஒரு பகுதி இலண்டன் மாநகரிலேயே நடந்தேறியது என்பதும் குறிப்பிடத்தக்கது.

ராயகடா, கலஹண்டி ஆகிய மாவட்டங்களில் பரந்துள்ள இம்மலைக்காட்டில் டொங்ரியா கோந்த் என்னும் பழங்குடியினர் சுமார் 8,000 பேர் வாழ்கின்றனர். சரிவுகளில் தினை, சாமை, மஞ்சள், அன்னாசி முதலியவற்றைப் பயிரிடும் இவர்கள், மலையுச்சியைத் தம் தெய்வமான நியமராஜாவின் இருப்பிடமாகக் கருதி, அங்கு மரம் வெட்டுவதில்லை. இதனை வெறும் நம்பிக்கை என ஒதுக்கிவிட முடியாது. உச்சியிலுள்ள பொக்சைற் படிவம் மழைநீரைத் தேக்கி வைத்துக் கோடையிலும் ஓடைகளை வற்றாது காக்கின்றது. வம்சதாரா ஆற்றுக்கு நீரூட்டுவனவும் இவ்வோடைகளே.

அலுமினியத்தின் மூலப்பொருளான அதே பொக்சைற்றையே வேதாந்தா கம்பனியும் நாடியது. 2003 டிசம்பரில் இலண்டன் பங்குச் சந்தையில் இடம்பெற்ற இக்கம்பனி, மலையடிவாரத்திலுள்ள லாஞ்சிகரில் சுத்திகரிப்பு ஆலையை அமைத்தது. மலையுச்சியில் 7 கோடி தொன்னுக்கும் அதிகமான பொக்சைற் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. மக்கள் மலையில் மறித்து நின்றனர். இலண்டனில் கம்பனியின் ஆண்டுப் பொதுக்கூட்ட வாயில்களில் ஆர்ப்பாட்டங்கள் நடைபெற்றன. 2007இல் நோர்வே அரசின் ஓய்வூதிய நிதியமும், 2010இல் இங்கிலாந்துத் திருச்சபையும் இக்கம்பனியுடனான முதலீட்டுத் தொடர்பைத் துண்டித்துக்கொண்டன.

எனினும் இறுதித் தீர்ப்பை வழங்கியவை கிராம சபைகளே. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டு, அம்மக்களின் சபைகளே முடிவெடுக்க வேண்டுமென 2013 ஏப்ரல் 18ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களுள் பன்னிரண்டை மட்டுமே மாநில அரசு தெரிவுசெய்தது. அப்பன்னிரண்டும் ஒன்றுகூடச் சறுக்காது சுரங்கத்தை நிராகரித்தன. 2014 ஜனவரியில் மத்திய அரசும் அனுமதியை மறுத்தது.

இவ்வெற்றி நிலைக்குமா? 2018 மேயில் தூத்துக்குடியில் இதே கம்பனிக் குழுமத்தின் ஸ்ரெர்லைட் ஆலைக்கு எதிராகப் போராடியோர் மீது பொலிசார் சுட்டதில் 13 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு ஒக்டோபரில் வேதாந்தா இலண்டன் சந்தையை விட்டு வெளியேறியது. பங்குதாரர் வழியாகக் கேள்வி எழுப்பும் வாயிலும் அத்துடன் அடைபட்டது. ஆகவே, தூர நகரங்களின் நெருக்குதல் துணையாகுமேயன்றி, அரணாகாது. அரணாக நிற்பது கிராம சபையின் சட்ட உரிமையே.

அவ்வுரிமையே இன்று தேய்ந்து வருகின்றது. காட்டு மக்களின் சம்மதம் பெறப்படுவதற்கு முன்னரே மத்திய அரசு அனுமதி வழங்க 2022ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்பு விதிகள் இடமளித்தன. 2023இல் அயலிலுள்ள சிஜிமாலி மலையின் பொக்சைற் ஏலம் வேதாந்தாவுக்கே கிடைத்தது. தமது சம்மதம் போலியாகப் பதிவுசெய்யப்பட்டதென அவ்வூர் மக்கள் குற்றஞ்சாட்டுகின்றனர்.

பிரித்தானியாவில் உழைக்கும் எம்மவர் பலரது ஓய்வூதியச் சேமிப்பும் உலகெங்குமுள்ள கம்பனிகளில் முதலிடப்படுகின்றது. அப்பணம் எந்த மலைக்குச் செல்கின்றது, அம்மலையின் மக்கள் அதற்கு இணங்கினரா என நிதியங்களிடம் வினவுவது நம்மால் இயலக்கூடிய காரியமே.